துப்பாக்கியைப் பார்க்காமல் கொடுத்த பத்துத் தோட்டா

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். இருபத்தாறு வருஷம் ஸ்டாக் ரெஜிஸ்டரில் நம்பர் எழுதிய கை என்பதால் நம்பர் மட்டும் அச்சடித்த மாதிரி விழும், மற்றது விழாது. புரியாத இடத்தில் எனக்குப் போன் பண்ணிக் கேட்கலாம். ஆனால் போனிலும் நான் ஒழுங்காகப் பேசமாட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கண் மங்கி நான் துப்பாக்கிக் கடையை விட்டு நின்ற கடைசி வாரத்தில், புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள். "அண்ணே, எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ரிவால்வர் தோட்டா எதுன்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்றது?" நான் "நீள முப்பத்திரண்டு, ஈயத் தலை" என்று சொல்லிவிட்டு உள் ரூமுக்குப் போய்விட்டேன். சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் போய்விட்டேன். அன்றிலிருந்து அது உறுத்துகிறது.

பதில் ஏன் சரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆளுக்கு லைசென்ஸில் கிடைக்கிற ரிவால்வர் பெரும்பாலும் குழல் வாய் அளவில் முப்பத்திரண்டு போர்தான். அதில் தோட்டா இரண்டு நீளத்தில் உண்டு. குட்டை, பழங்காலத்தது, வெடிமருந்து கம்மி. நீளம், இப்போது வருவது, மருந்து கூடுதல். தோட்டா உட்காருகிற அறை நீளமாக இருக்கிற ரிவால்வரில் இரண்டும் வெடிக்கும். குட்டை அறை வைத்ததில் நீளத்தைப் போடக் கூடாது. தட்டைத் தலை தோட்டா குறி பார்த்துப் பழகுகிறவர்களுக்கு. செம்பு போர்த்தியது விலை கூட, சரக்கும் எப்போதாவதுதான் வரும். நம் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் நாலு மழைக்காலம் கிடந்தும் வெடிக்க வேண்டும், பழகவும் ஆக வேண்டும், வீட்டுக் காவலுக்கும் ஆக வேண்டும் என்றால் புதுச் சரக்கில் நீள முப்பத்திரண்டு, உருண்டை ஈயத் தலை. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் கேட்கிறவர்கள் அந்த அளவோடு விடமாட்டார்கள். "பன்னிக்கு ஆகுமா?" ஆகாது, சுடவும் கூடாது. "பாம்புக்கு?" கம்பு எடுங்க. வலங்கைமான் பக்கத்து மிராசு ஒருவர் குரலைத் தாழ்த்தி, "மயிலு நாத்தங்கால்ல நின்னு ஆடுதுப்பா, அதுக்கு எது?" என்றார். முதலாளி உள்ளே இருந்தபடியே, "அதுக்கு ஜாமீன்தாரர் ரெண்டு பேர் வேணும், தோட்டா வேணாம்" என்றார். கடையே சிரித்தது. நான் ரெஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எனக்கு அப்படிப் பேச வராது. ஒரு ஆள் எதிரில் நின்றாலே வாய் உலர்ந்துவிடும். அதனால் அந்த ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அவர்கள் போய்விடுவார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் கடையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. அவரும் என்னைப் போலத்தான், அதிகம் பேசமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரூமில் நாள் முழுக்க இருந்துவிட்டு மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்போம். அந்தப் பத்தில் எட்டு ஒரே விஷயம்தான். துப்பாக்கியைப் பார்க்காமல் தோட்டா கொடுக்காதே. லைசென்ஸ் காகிதம் போரைச் சொல்லும், உடம்பைச் சொல்லாது என்பார். ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் போடச் சொன்னார். ஒழுங்காக எழுத வராததால் நான் நம்பரை மட்டும் எழுதிப் படம் வரைந்து வைப்பேன். பழுது இருக்கிற இடத்தில் சிவப்புப் பென்சில். இப்போதும் அந்த நோட்டுகள் இரும்பு ரேக்கின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அவர் போன பிறகு அந்த ரூமில் நான் மட்டும். வாடகைக்கு இருக்கிற ரூமிலும் நான் மட்டும். கல்யாணம் கூடி வந்த ஒரு இடத்தில் பெண்ணின் மாமா, "துப்பாக்கிக் கடையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. கடையில் வந்துபோகிற எல்லோரும் முதலாளியிடம்தான் பேசுவார்கள். என்னிடம் பேசியது ஒரே ஒருவர்.

திருக்காட்டுப்பள்ளிக்கு வடக்கே, கொள்ளிடக் கரைப் பக்கம் நிலம் வைத்திருந்த விவசாயி அவர். கிறிஸ்தவக் குடும்பம். ரெட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். நாணல் காட்டிலிருந்து பன்றிக் கூட்டம் வரும்போது வானத்தைப் பார்த்துச் சத்தம் போட மட்டும். தோட்டா வாங்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். ஆனால் தஞ்சாவூருக்கு உரம் வாங்க வந்தாலும், பல்லைப் பிடுங்க வந்தாலும் கடைக்குள் நுழைந்து என் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"என்னப்பா, சாப்ட்டியா?"

"ஆச்சுண்ணே."

"பொய் சொல்லாத. மூஞ்சியே சொல்லுது."

நான் பதில் சொல்கிறேனா என்று பார்க்கவே மாட்டார். அவர் பாட்டுக்கு நாற்று கருகியது, மோட்டார் காயில் போனது, துபாயில் இருக்கிற மகன் பேரன் படத்தைத் தலைகீழாக அனுப்பியது என்று பேசிக்கொண்டே போவார். கிறிஸ்துமஸுக்கு ஒரு தூக்குவாளியில் முறுக்கும் அதிரசமும் வரும். தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் இன்னொரு தடவை வருவார். அவர் வருகிற நாள் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஒரு அண்ணன். வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுகிற முறையில் தகராறாகி, பதினான்கு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே தெருவில் எதிர் எதிர் வீடு. அண்ணன் செத்தபோது அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் வைத்திருந்த ரிவால்வர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அதைத் தன் லைசென்ஸில் ஏற்றிக்கொள்ளத் தம்பி இரண்டு வருஷம் அலைந்தார். எதற்கு இந்த வயதில் ரிவால்வர் என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர், "அவரு பொருள்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லப்பா" என்றார்.

நீங்கள் இன்னும் தேர்தல் பார்க்கவில்லை. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ நம் மாதிரிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்ததும் திருப்பி வாங்க ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். நான் சொல்கிறது அப்படி ஒரு நாள். வைகாசி வெயில். முதலாளி கணக்குக் காட்டக் கலெக்டர் ஆபீஸ் போய்விட்டார். கடையில் ஏழெட்டு மிராசுகள், ஒவ்வொருவருக்கும் அவரவர் துப்பாக்கிதான் முதலில் வேண்டும். அந்த நெரிசலுக்குள் கொள்ளிடக் கரை விவசாயி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. லைசென்ஸை விரித்து மேசைமேல் வைத்தார்.

"ஏத்திட்டாங்கப்பா! பாரு. ஸ்டேஷன்ல இன்னைக்கே தர்றேன்னுட்டாங்க. அண்ணன் வாங்கின அன்னைக்குக் கொள்ளிடத்துல நின்னு சுட்டாரு, நான் சின்னப் பையன், கூட நின்னேன். இன்னைக்கு நானும் சுடப் போறேன். எது நல்லதோ அதைக் குடு. பழகவும் ஆகணும், வச்சிருக்கவும் ஆகணும்."

"நீள முப்பத்திரண்டு, ஈயத் தலை" என்றேன்.

துப்பாக்கியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வேற்று ஆளாக இருந்தால் சொல்லியிருப்பேன். இவரிடம் சொல்ல மனசு வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நிற்கிறவரை நம்பாத மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பின்னால் நின்றவர் "சீக்கிரம்யா" என்றார். பத்துத் தோட்டா எண்ணிக் கொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் தணிந்தது. விற்றதை ரெஜிஸ்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். அவர் ரிவால்வர் நம்பரை எழுதும்போது கை நின்றது. கடைசி மூன்று எண்கள் நான்கு, ஒன்று, ஆறு. இது நான் ஏற்கெனவே எழுதிய நம்பர் என்று என் கைக்குத் தெரிந்தது. கீழ்த்தட்டில் தேடினேன். மூன்றாவது நோட்டில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஐந்து அறை ரிவால்வர், நடுவில் மடக்கித் திறக்கிற வகை. குட்டைத் தோட்டாவுக்குச் செய்தது. எவனோ ஒருத்தன் அறைகளை நீளமாகக் குடைந்து வைத்திருந்தான், நீளத் தோட்டாவும் உள்ளே போகிற மாதிரி. குடைந்ததில் சுவர் மெலிந்து, ஒரு அறையில் நீளவாக்கில் விரிசல். அந்த இடத்தில் என் சிவப்புப் பென்சில் கோடு. எல்லாம் ஞாபகம் வந்தது. கொண்டுவந்தவர் அந்த அண்ணன்தான், இவருக்கு அண்ணன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இதைச் சுடவே கூடாது, பிடித்திருக்கிற கையையும் பார்க்கிற கண்ணையும் கொண்டுபோய்விடும் என்று ரிப்பேர்காரர் அவரிடம் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். தம்பிக்கு இது தெரிய வழியே இல்லை.

உடனே போன் பண்ணினேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவரு ஸ்டேஷனுக்குப் போயிருக்காரு தம்பி. போனை இங்கயே மறந்து வச்சிட்டாரு. என்ன சொல்லணும், சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

நான், "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பார்க்காமல் கொடுத்ததைவிட இதுதான் பெரிய தப்பு. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். அவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். கடைக்குக் கெட்ட பேர் வரும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். நிஜம் என்னவென்றால், தெரியாத ஒரு பெண்ணிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச என்னால் முடியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. முதலாளி போன் அணைந்திருந்தது. ஸ்டேஷன் நம்பரும் என்னிடம் இல்லை.

ஸ்டாக் ரூமைப் பூட்டினேன். இன்னும் மூன்று பேர் துப்பாக்கிக்காகக் காத்திருந்தார்கள். ஷட்டரை இழுக்கும்போது ஒருவர், "என்னய்யா, நாங்க ஜெயிக்க வச்சு அனுப்பின ஆளுங்க. எங்களையே வெளியில தள்ளிப் பூட்டறியா?" என்றார். நான் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

கண்டியூர் தாண்டிய பிறகு வலது பக்கம் முழுக்கக் காவிரி மணலாகக் கிடந்தது. பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்றது. போய் என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனேன். சேர்த்தது எல்லாம் இறங்கும்போது கலைந்துவிட்டது. அவர் வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். விசாரித்துக்கொண்டு போய் நின்றால் அவர் மனைவி வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் வந்தாரு, சோறுகூட உங்காம ஆத்துக்குப் போயிட்டாரு. கூட ரெண்டு பேரு. நீங்கதான் போன் பண்ணினதா?"

நான் நடந்தேனா ஓடினேனா என்று தெரியவில்லை. தென்னந்தோப்பு தாண்டிக் கரை ஏறும்போது ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். பிறகு சிரிப்புச் சத்தமும் கைதட்டலும் கேட்டன. கரைமேல் ஏறிப் பார்த்தால் கீழே மணலில் அவர் நிற்கிறார், முழுசாக. ஒரு பனங்கட்டையை நட்டுவைத்து, கையை நீட்டி இரண்டாவதுக்குக் குறி பார்க்கிறார்.

"அண்ணே! சுடாதீங்க! கீழ வைங்க!"

என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்ததை நானே அதற்கு முன் கேட்டதில்லை. அவர் கையைத் தாழ்த்தித் திரும்பினார். கூட நின்ற ஒருவர், "யாரு இது, தேர்தல் கமிஷனா?" என்றார். இன்னொருவர், "கடைக்காரன்யா. பில்லுல கையெழுத்து வாங்க மறந்துட்டான் போல" என்றார்.

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். சொன்னது பாதிதான் வெளியே வந்திருக்கும்.

"ஒண்ணு வெடிச்சிடுச்சேப்பா," என்றார் அவர். "ஒண்ணும் ஆகலையே?"

"அந்த அறையில விரிசல் இல்லண்ணே. மிச்சம் நாலுல ஒண்ணுல இருக்கு. எதுலன்னு தெரியாது."

"உள்ள சரியாப் போய் உக்காந்துச்சுய்யா," என்றார் கூட்டாளிகளில் ஒருவர். "போகலேன்னா சரி, போனது எப்படித் தப்பாகும்?"

இந்தக் கேள்விக்குக் கடையில் என்றால் தலையைக் கவிழ்த்திருப்பேன். அங்கே கவிழ்க்க முடியவில்லை. "திறந்து தோட்டாவை எடுங்கண்ணே, காட்டறேன்" என்றேன். எடுத்தார். என் துண்டிலிருந்து ஒரு நூலைப் பிரித்து, ஒவ்வொரு அறையின் உட்சுவரிலும் வைத்து இழுத்துக் காட்டினேன். முதலாவதில் வழுக்கியது. இரண்டாவதில் வழுக்கியது. மூன்றாவதில் சிக்கி நின்றது. அவரையே இழுக்கச் சொன்னேன். அவர் இழுத்தார். நூல் அறுந்தது. அது அடுத்துச் சுட இருந்த அறையா, அதற்கும் அடுத்ததா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

அவர் அறுந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு வார்த்தைதான், எனக்குக் கஷ்டமும் இல்லை. ஆனால் பொய் சொன்னால் மற்றதையும் அவர் நம்பாமல் போய்விடலாம். நான் போன பிறகு ரெண்டு சுட்டுப் பார்ப்போம் என்று அந்தக் கூட்டாளிகள் சொல்லலாம்.

"தெரியும்ணே. நாங்க சொன்னோம். சுடக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தோம்."

"எப்ப?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும்."

"எதிர் வீட்லதான இருந்தாரு," என்றார். என்னிடம் சொல்லவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். "நீயாவது கடையிலயே சொல்லியிருக்கலாமே? வீட்டுக்குப் போன் பண்ணினது நீதானே, சும்மான்னு சொன்னியாமே?"

"சொல்லியிருக்கணும்ணே. துப்பாக்கியைப் பாக்காமக் குடுத்தது நான்தான்."

ரிவால்வரையும் மிச்சம் ஒன்பது தோட்டாவையும் துண்டில் சுருட்டி என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்."

கையை நீட்டவில்லை நான். "எனக்கு லைசென்ஸ் இல்லண்ணே. நான் எடுத்துட்டுப் பஸ் ஏறக் கூடாது. நீங்களே கொண்டுவந்து ஒப்படைச்சிடுங்க."

"கடை முழுக்கத் துப்பாக்கி, ஆளுக்கு லைசென்ஸ் இல்ல!" என்றார் அதே கூட்டாளி. யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. அவர் துண்டோடு கரையேறி வீட்டைப் பார்க்க நடந்தார். வீட்டு வாசல் தாண்டும்போது என்னை உள்ளே கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பாமல், "பஸ்ஸு அஞ்சு மணிக்கு இருக்கு" என்றார்.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி ஷட்டருக்கு வெளியே நின்றிருந்தார். ஏன் பூட்டினாய் என்று கத்தினார். சொன்னேன். கேட்டுவிட்டு ரெஜிஸ்டரை வாங்கி, அந்த நம்பருக்கு எதிரே தன் கையாலேயே 'பழுது, சுடக் கூடாது' என்று எழுதினார். "காலையில நேரத்தோட வா. அந்த மூணு பேரு வருவாங்க" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவர் ரிவால்வரையும் தோட்டாவையும் கொண்டுவந்தார். முதலாளியிடம் ஒப்படைத்தார், காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அது கவர்ன்மென்டுக்குப் போய் உடைபட்டிருக்கும். ஸ்டூல் என் மேசைக்கு எதிரில்தான் கிடந்தது. அவர் உட்காரவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எல்லாத்துக்கும் ஆகிற தோட்டா எது என்று கேட்டால் அந்தப் பதிலையே சொல்லுங்கள், ஆனால் துப்பாக்கியைக் கையில் வாங்கித் திறந்து பார்த்த பிறகு சொல்லுங்கள். உள்ளே போகிறது என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்டாதீர்கள். முக்கியமாக உங்களுக்கு வேண்டியவர் வந்தால் பாருங்கள், அவரிடம்தான் கேட்கக் கூச்சமாக இருக்கும். போனில் யார் எடுத்தாலும் விஷயத்தைச் சொல்லுங்கள். குழறினாலும் பரவாயில்லை. நான் அன்று அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கூட்டாளிகள் முன்னால் அண்ணனைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டாம். வீட்டுக்குள் தனியாகத் தெரிந்துகொண்டிருப்பார். அது வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர் கடையை மாற்றவில்லை. ரெட்டைக் குழலுக்குத் தோட்டா வாங்க வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், அதற்கு மேல் வரமாட்டார். தூக்கு வருவது நின்றது. முதலாளி இருந்தால் முதலாளியிடம் பேசுவார். இல்லாவிட்டால் என் முன்னால் நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு லைசென்ஸை நீட்டுவார். நான் துப்பாக்கியைக் கேட்பேன். கொடுப்பார். திறந்து பார்த்துவிட்டுத் தோட்டாவை எண்ணி வைப்பேன். அவர் வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். அந்தக் கையை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து விரலும் இருக்கும்.

2024 நவம்பர் 15, ஐப்பசி கடைசி நாள்.